மூன்றாவது வாரத்து வலி: ராமநாதபுரம் கடற்கரையில் ஓடுகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் கரையில் ஓடுகிறவர்கள் கூடிவிடுவார்கள். ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையோரம் நிற்கும். படகுக்குப் போகும் இளைஞர்களுக்கு விடியற்காலை சும்மா கிடைக்கும். கல்லூரி விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள், காவலர் தேர்வை எதிர்பார்த்திருப்பவர்கள், ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குப் பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் ஐந்து மணிக்கே மணலில் இறங்கிவிடுவார்கள். முதல் வாரம் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். இரண்டாம் வாரம் மூச்சு வசப்படும். மூன்றாவது வாரம் ஒவ்வொருவராக வந்து என் முன்னால் காலை நீட்டி உட்காருவார்கள். "அண்ணே, இந்த இடத்தில்தான் பிடிக்கிறது."

பதினைந்து வருடங்களாக உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையிலான கரையில் ஓடிக்கொண்டும், ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். நான் மருத்துவர் அல்லன். ஆனால் நன்றாக ஓடக்கூடிய பிள்ளைகள் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நொண்டிக்கொண்டு வீடு திரும்புவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் எங்கும் விழவில்லை, எதன் மீதும் மோதவில்லை. அவசரப்பட்டார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரத்தில் அப்படி என்ன நடக்கிறது? இதயமும் நுரையீரலும் புதிய வேலைக்குச் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பு அப்படிப் பழகாது. புதிதாகச் சுமை ஏறும்போது உடல் முதலில் பழைய எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கிறது. அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அந்த இடத்தில் புது எலும்பைக் கட்டி முடிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். பழைய ஓட்டைப் பிரித்தாகிவிட்டது, புதுக் கூரை இன்னும் வேயவில்லை என்ற நிலைமையில் வீடு இருக்கிறது. சரியாக அதே நேரத்தில் மூச்சு பிடிபட்டுவிட்டதால், "இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடலாம்" என்று மனம் சொல்கிறது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவதெல்லாம் இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதுதான்.

படி 1: ஓடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்

யாருக்கு வலி வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒரு தாளை எடுத்து, கீழே வரும் கேள்விகளுக்கு உண்மையான பதில் எழுதுங்கள்.

கடந்த ஒரு வருடத்தில் காலில் எங்காவது காயம் பட்டதா? ஓட்டக் காயங்களைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப முதலிடத்தில் வரும் காரணி இதுதான். பழைய காயம் ஆறியிருக்கும், ஆனால் அந்தக் காலின் பலம் முழுதாகத் திரும்பியிருக்காது. நீங்கள் அறியாமலே மற்றக் காலின் மீது சாய்ந்து ஓடுவீர்கள்.

போன மாதம் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள்? "ஒன்றுமில்லை" என்றால் ஒன்றுமில்லை என்றே எழுதுங்கள். பள்ளி நாட்களில் கபடி ஆடியது இந்தக் கணக்கில் வராது. இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? இரவுத் தொழிலுக்குப் போய்விட்டு விடியற்காலையில் கரை ஏறி நேராக ஓடப்போகிறவர்களை நான் அறிவேன். அந்த உடலுக்கு ஆறுவதற்கு நேரமே கிடையாது. உடல் எடை உயரத்துக்கு மிகவும் கூடுதலாக இருக்கிறதா? அப்படியானால் முதல் மாதம் வேக நடையே போதும். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை கால் வழியே இறங்குகிறது.

பெண்கள் இன்னும் ஒன்றை எழுத வேண்டும்: மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? ஓட்டம் தொடங்கிய பிறகு அது தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ, உடல் செலவழிக்கும் அளவுக்கு நீங்கள் சாப்பிடவில்லை என்று பொருள். எலும்பு அந்த நிலைமையில் பலம் இழக்கும். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுவதால்தான் பல பெண்களுக்கு எலும்பில் கீறல் விழுகிறது. அம்மாவிடமோ மருத்துவரிடமோ சொல்லிவிடுங்கள்.

தட்டைப் பாதத்தைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஆள்சேர்ப்பில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் அது ஒரு தடையாகலாம், அது வேறு விஷயம். தட்டைப் பாதம் இருக்கிறது என்பதாலேயே ஓடினால் காயம் வந்துவிடும் என்பது கிடையாது.

படி 2: தரையைப் படியுங்கள்

நம் கரையில் நான்கு வகைத் தரை இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு இடத்தில் வலியைக் கொடுக்கும்.

காய்ந்த மணல். "மணலில் ஓடினால் கால் உறுதியாகும்" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. காய்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்று 1998-இல் வெளியான ஓர் அளவீடு காட்டுகிறது. ஆக, மணலில் ஐந்து கிலோமீட்டர் என்பது உழைப்பில் எட்டு கிலோமீட்டர். குதிகால் மணலில் புதையும்போது கெண்டைக்கால் சதையும் குதிகாலுக்குப் பின்னாலிருக்கும் தசைநாணும் வழக்கத்தைவிட அதிகமாக இழுபடுகின்றன. முதல் மாதத்தில் வாரம் ஒரு நாள், பத்து நிமிடம், அதற்கு மேல் காய்ந்த மணல் வேண்டாம். நண்டு வளைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கணுக்கால் சுளுக்குகளில் பல அங்கேதான் நடக்கின்றன.

ஈர மணல். கடல் வற்றும் நேரத்தில் அலையோரத்து மணல் ஓடுவதற்கு அருமையாக இருக்கும். வடகடல் பக்கம், குறிப்பாக அரியமானில், அலை சிறியது. கெட்டியான பட்டை நீளமாகக் கிடைக்கும். ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்த தரை. ஒரு நாள் ஓடி முடித்துத் திரும்பி வரும்போது உங்கள் காலடித் தடங்களையே பாருங்கள். கடல் பக்கத்துப் பாதத்தின் தடம் வெளி ஓரத்தில் ஆழமாகவும், கரைப் பக்கத்துப் பாதத்தின் தடம் உள் ஓரத்தில் ஆழமாகவும் பதிந்திருக்கும். இரண்டு காலும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. நல்ல வேளையாக, போன வழியே திரும்பி வந்தால் கடல் மறுபக்கம் வந்துவிடும், கணக்கு நேராகிவிடும். ஆகவே கரையில் ஓடினால் பாதித் தூரம் போய்த் திரும்புங்கள். ஒரே திசையில் ஓடிவிட்டு வண்டியில் திரும்பாதீர்கள்.

தார்ச்சாலை. இங்கே அந்தக் கணக்கு நேராகாது. மழை நீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து இரு ஓரங்களிலும் சரிந்திருக்கும். எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும் என்பதற்காக நாம் வலப்பக்கமாக ஓடுகிறோம். போகும்போதும் வலது கால் தாழ்வில் இருக்கும். திரும்பும்போது சாலையைக் கடந்து மறுபடி வலப்பக்கம் வருகிறோம், அப்போதும் வலது கால்தான் தாழ்வில். மாதக்கணக்கில் இப்படி ஓடிய ஒருவருக்கு வலது முழங்காலின் வெளிப்பக்கம் வலி வந்தால் எனக்கு வியப்பே வராது. வண்டி வருவதற்கு முன், விடியலில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை போகும் சாலை இதற்கு நல்ல மாற்று. ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் மேடு பள்ளமில்லாமல் நேராகப் போகிறது. எந்தச் சாலையானாலும் ஓரத்துச் சரிவை விட்டுச் சற்று உள்ளே, தட்டையான இடத்தில் ஓடுங்கள். வண்டிச் சத்தம் கேட்டால் ஒதுங்குங்கள். பாம்பன் சாலைப் பாலத்தை மட்டும் பயிற்சி இடமாக வைத்துக்கொள்ள வேண்டாம். அதன் இறக்கம் முழங்காலுக்குக் கடினம், அங்கே நிற்கும் சுற்றுலா வண்டிகள் உயிருக்கே ஆபத்து.

மைதானம். உள்ளதில் சிறந்தது இதுதான். எப்போதும் இடப்பக்கமே திரும்பி வட்டம் அடிக்காமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் திசையை மாற்றுங்கள்.

வெறுங்காலைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுவயது முதல் வெறுங்காலோடு வளர்ந்தவர்கள் நம் கரையில் நிறைய இருக்கிறார்கள். அவர்களின் பாதம் உறுதியானது. ஆனால் நடந்து பழகிய பாதமும் ஓடிப் பழகிய பாதமும் ஒன்றல்ல. அதோடு, கரையை ஒட்டிய இடமெல்லாம் சீமைக் கருவேலம். அதன் முள் சாதாரண காலணியின் அடியையே துளைத்துவிடும், நுனி உள்ளே ஒடிந்து தங்கிவிடும். வலை உதறும் இடங்களில் கெளுத்தி முள்ளும் திருக்கை முள்ளும் மணலில் கிடக்கும். மீன் முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் பாதத்தை வைத்திருங்கள், நஞ்சின் வலி குறையும். எந்த முள்ளானாலும் ஆழமாகக் குத்தினால் டி.டி. ஊசி போட்டிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

படி 3: எவ்வளவு தேவையோ அவ்வளவு ஓடுங்கள்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 112 விநாடி. உடல் நலமுள்ள இளைஞர் ஒருவர் பொறுமையாக எட்டு வாரம் பழகினால் எட்டக்கூடிய வேகம் அது. ராணுவ ஆள்சேர்ப்பில் முதல் பிரிவில் வர 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடியில் ஓட வேண்டும். சுற்றுக்கு 82 விநாடி சொச்சம். அது கடினம், அதற்கு மாதங்கள் வேண்டும். இந்த இரண்டு இலக்குக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. ஆனால் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடுவதைப் பார்க்கிறேன். ஏழு நிமிட ஓட்டத்துக்குத் தினம் ஒரு மணி நேரம் எலும்பை இடிக்கத் தேவையே இல்லை.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவில், பத்து சதவீத விதிப்படி 13 வாரம் மெல்லக் கூட்டியவர்களுக்கும், வழக்கமான 8 வாரத் திட்டத்தில் போனவர்களுக்கும் காயத்தில் வேறுபாடு இல்லை. இரண்டு பக்கமும் ஐந்தில் ஒருவருக்கு அடிபட்டது. ஆகவே விதியை மந்திரமாக நம்பாதீர்கள். எனக்கு நடைமுறையில் உதவுவது வேறு: தூரம், வேகம், தரை, காலணி ஆகிய நான்கில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. நம் பிள்ளைகள் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில் நான்கையும் ஒன்றாக மாற்றிவிடுகிறார்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை, மொத்தம் இருபது நிமிடம். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூன்றாவது வாரம் ஒன்றையும் கூட்டாதீர்கள். மூச்சு "கூட்டு" என்று சொல்லும், கேட்காதீர்கள். நான்காவது வாரம் ஓட்டத்தை மூன்று நிமிடமாக்கலாம், ஐந்தாவதில் ஐந்து நிமிடமாக்கலாம். ஆறாவது வாரம் இருபது நிமிடம் நிற்காமல் ஓடலாம். அதற்குப் பிறகே வேகப் பயிற்சி, அதுவும் வாரம் ஒரே ஒரு நாள்: தேர்வு வேகத்தில் 400 மீட்டர், இடையில் இரண்டு நிமிட நடை, நான்கு முறை.

படி 4: வலி எங்கே என்று விரல் வைத்துப் பாருங்கள்

*கணைக்கால் எலும்பு*

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் நீண்ட எலும்பு இது. மைதானத்தில் ஷின் பெயின் என்று சொல்வார்கள். நம் கரையில் அதிகம் பார்க்கும் வலியும், அதிகம் ஏமாற்றும் வலியும் இதுதான்.

உட்கார்ந்து காலை மடக்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை எலும்பின் உள் ஓரத்தில் வைத்து, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு விரற்கடையாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால், ஓடத் தொடங்கும்போது வலித்து உடல் சூடானதும் குறைந்தால், அது எலும்பின் மேலுறையும் அதை ஒட்டிய திசுக்களும் சுமை தாங்காமல் நோகும் வலி. ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, கெட்டித் தரையைச் சில வாரம் தவிர்த்தால் அடங்கும்.

ஒரே ஒரு புள்ளி, விரல் நுனி அளவு இடம், அங்கே அழுத்தினால் முகம் சுளிக்கும்படி வலித்தால் கதை வேறு. அந்தக் காலில் மட்டும் நின்று ஒருமுறை மெல்லக் குதிக்கச் சொல்வேன். அதே புள்ளியில் சுருக்கென்று குத்தினால் அதோடு நிறுத்திவிடுவேன். இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் இன்னும் மோசம். எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்து ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியாகத் திரும்பி ஓட வந்தவர்கள் உண்டு. இந்தக் கீறல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ. அதைக் காட்டிவிடும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் போய், "ஓடிப் பயிற்சி செய்கிறேன், இத்தனை வாரம் ஆகிறது, இந்த ஒரு புள்ளியில் வலிக்கிறது" என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அந்த மூன்று தகவல் இருந்தால் மருத்துவருக்கு வேலை எளிது.

எனக்கு 19 வயதில் இடது கணைக்காலில் இப்படித்தான் வந்தது. அப்போது எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், வலியோடு ஓடினால்தான் வலி போகும் என்றார். வீட்டில் எண்ணெய் காய்ச்சி அழுத்தித் தேய்த்தார்கள். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இன்னும் ஒன்பது நாள் ஓடினேன். பத்தாம் நாள் கட்டிலிலிருந்து இறங்கி நிற்க முடியவில்லை. ஆறு வார ஓய்வில் ஆறியிருக்க வேண்டிய கீறலுக்கு ஐந்து மாதம் போயிற்று, அந்த வருடத் தேர்வும் போயிற்று. விரல் வைத்துப் பார்க்க அன்று யாராவது சொல்லியிருந்தால் என்று இன்றும் நினைப்பேன். அதனால்தான் இந்தப் பகுதியை நீட்டி எழுதுகிறேன்.

தொடை இடுக்கில் ஆழமாக வலித்து, காலை ஊன்றும்போது கூடினால் ஒரு நாள் கூடக் காத்திருக்காதீர்கள். இடுப்பு மூட்டை ஒட்டிய எலும்புக் கழுத்தில் கீறல் விழுந்து, அது முழுதாக முறிந்தால் அறுவை சிகிச்சைதான்.

*முழங்கால்*

ஓட்டக்காரர்களுக்கு உலகமெங்கும் அதிகம் வலிக்கும் இடம் இது. முட்டிச்சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ வலி. படி இறங்கும்போது, குத்துக்கால் வைத்து உட்காரும்போது, ராமேசுவரத்திலிருந்து மதுரை வரை பஸ்ஸில் மடக்கிய காலோடு உட்கார்ந்து போகும்போது கூடும். முட்டியைத் தேய்ப்பதால் பயனில்லை. தொடைக்கும் இடுப்புக்கும் பலம் சேர்க்க வேண்டும், அடியைச் சுருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு வலது பாதம் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். 76 என்றால் அதே வேகத்தில் 80 முதல் 83 வரை கொண்டுவாருங்கள். அடி குறுகும், பாதம் உடலுக்கு நேர் கீழே விழும், முழங்கால் தாங்கும் சுமை குறையும்.

முழங்காலின் வெளிப்பக்க வலி வேறு. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கும் பட்டை முழங்காலருகே உறுத்துவதால் வருவது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே தூரத்தில், மூன்றாவது கிலோமீட்டர் என்றால் மூன்றாவது கிலோமீட்டரில், மணி அடித்தாற்போல் தொடங்கும். படி 2-இல் சொன்ன சரிவை முதலில் சரிசெய்யுங்கள். வலி தொடங்கும் தூரத்துக்கு முன்பே ஒவ்வொரு நாளும் நிறுத்துங்கள்.

*குதிகாலின் அடி*

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடி ஊசி குத்துவது போல் இருந்து, நாலு அடி நடந்ததும் குறைந்தால், குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் பட்டை நோகிறது என்று பொருள். ஒரு படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, மெல்ல எழும்பி மெல்ல இறங்குங்கள். பன்னிரண்டு முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வீட்டுச் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நடக்காமல் மெத்தென்ற செருப்பு போடுங்கள். மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

*குதிநாண்*

குதிகாலுக்கு மேலே கயிறு போல் கைக்கு அகப்படுவது. காலையில் விறைப்பாக இருக்கும், கிள்ளினால் வலிக்கும், சில நேரம் தடித்திருக்கும். காய்ந்த மணலில் திடீரென்று ஓடியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற ஸ்வீடன் மருத்துவர் 1998-இல் ஒரு பயிற்சியை வெளியிட்டார். படி விளிம்பில் நின்று, வலிக்கும் காலின் குதியை மெல்லக் கீழே இறக்க வேண்டும். மேலே ஏற மற்றக் காலை ஊன்றிக்கொள்ள வேண்டும். பதினைந்து முறை, மூன்று சுற்று, முழங்காலை நீட்டி ஒரு தரம், சற்று மடக்கி ஒரு தரம், காலையும் மாலையும், பன்னிரண்டு வாரம். கேட்க அலுப்பாக இருக்கும். ஓய்வை மட்டும் நம்பியவர்களைவிட இதைச் செய்தவர்கள் திரும்பி ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலப் "பட்" என்று உணர்ந்து, பிறகு முன்பாதத்தில் எழும்பி நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனை.

*பின்தொடைச் சதையும் கணுக்காலும்*

பின்தொடைச் சதை பெரும்பாலும் கடைசி நூறு மீட்டர் பாய்ச்சலில் பிடிக்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள் நீட்டி இழுக்கவே கூடாது. கணுக்கால் சுளுக்கினால், நான்கு அடி ஊன்றி நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலும், கணுக்கால் குமிழ்களின் பின் ஓரத்தை அழுத்தினால் எலும்பிலேயே வலித்தாலும் எக்ஸ்ரே தேவை. வீக்கம் வடிந்த பிறகு ஒற்றைக் காலில் நின்று பல் துலக்கிப் பழகுங்கள். இழந்த சமநிலை அப்படித்தான் திரும்பும்.

படி 5: வலி வந்த அன்றைக்கு

பத்துக்கு எத்தனை மதிப்பெண் வலி என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்குள் இருந்து, ஓட ஓடக் கூடாமல் இருந்து, மறுநாள் காலை பழைய நிலைமைக்கு வந்துவிட்டால், குறைத்து ஓடலாம். மறுநாள் கூடியிருந்தால் நேற்று ஓடியது அதிகம். நொண்ட வேண்டி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி நடந்து திரும்புங்கள். எலும்பின் ஒற்றைப் புள்ளி வலிக்கு மட்டும் இந்த மதிப்பெண் கணக்கு கிடையாது. அதற்கு நிறுத்தம் ஒன்றுதான்.

ஐஸ் வைத்தால் வலி மட்டுப்படும். துணியில் சுற்றி, பதினைந்து நிமிடம். மீன் கம்பெனி ஐஸ் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் நேரடியாகத் தோலில் வைத்தால் புண்ணாகிவிடும். சுளுக்கு எடுக்கிறவர்களிடம் எலும்பு வலியைக் கொண்டுபோகாதீர்கள். சதைப் பிடிப்புக்கு அவர்கள் கைப்பக்குவம் இதமாக இருக்கும். கீறல் விழுந்த எலும்பை அழுத்தித் தேய்த்தால் கேடுதான்.

மாத்திரையைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன். ஓடுவதற்கு முன் வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் பையன்களிடம் பரவியிருக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிவிடுகின்றன, கீறல் முறிவாகும் வரை உங்களுக்குத் தெரியாது. வியர்த்து நீர் வற்றிய உடலில் அவை சிறுநீரகத்தையும் தாக்கும்.

படி 6: வாரம் இரண்டு நாள், கால் மணி நேரம்

கருவி எதுவும் வேண்டாம். ஒற்றைக் காலில் குதியை உயர்த்தி இறக்குதல், காலுக்குப் பதினைந்து, மூன்று சுற்று. நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலால் எழுந்து மெல்ல உட்காருதல், எட்டு முறை, மூன்று சுற்று. முழங்கால் உள்ளே மடிந்து விழக் கூடாது. ஒருக்களித்துப் படுத்து மேற்காலை நீட்டியபடி உயர்த்துதல், பதினைந்து, மூன்று சுற்று. ஓடுவதற்கு முன் நின்ற இடத்தில் நீண்ட நேரம் சதையை இழுத்துப் பிடிப்பதால் காயம் குறைவதாகத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் வேகமாக நடந்து, மெல்ல ஓடித் தொடங்குவதே போதும்.

படி 7: வெயில், சோறு, தூக்கம்

கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. வெயிலுக்குப் பழக உடலுக்குப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் ஆறரை மணிக்குள் முடித்துவிடுங்கள். ஓடுகிறவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத் தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திருக்காமல் நிழலில் கிடத்தி, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் உடல் முழுதும் ஊற்றி விசிறுங்கள். குடத்துத் தண்ணீரோ கடல் தண்ணீரோ, எதுவானாலும் சரி. கடலுக்குள் மட்டும் இறக்காதீர்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீராகாரம் ஒரு செம்பு. அதற்கு மிஞ்சிய பானத்தை நான் பார்க்கவில்லை. எடை குறைய வேண்டும் என்று இரவுச் சோற்றை விடுகிறவர்களுக்குத்தான் எலும்பு முதலில் பழுதாகிறது. கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, இவை எல்லாவற்றிலும் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, விலையும் பெரிதில்லை. நோன்பு மாதத்தில் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்துத் தம்பிமார்கள் நோன்பு திறந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, வழக்கத்தில் பாதி ஓடினால் போதும். பிடித்த மூச்சு ஒரு மாதத்தில் ஓடிப்போய்விடாது.

படி 8: திரும்பி ஓடும்போது

காயம் ஆறியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதுதான் இரண்டாவது காயத்துக்கு வழி. முதலில் முப்பது நிமிடம் வேகமாக நடங்கள்; வலி இல்லாமல் இருக்க வேண்டும். பிறகு வலித்த காலில் பத்து முறை குதியுங்கள். வலி இல்லாமல் இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் குதியை உயர்த்துவது இரண்டு காலுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வர வேண்டும். மூன்றும் சரியென்றால் ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை, பத்து முறை. அடுத்த நாள் ஓய்வு. இதை மூன்று முறை செய்து வலி வரவில்லையென்றால் ஓட்டத்தை இரண்டு நிமிடமாக்குங்கள். எலும்பில் கீறல் இருந்தவர்கள் மருத்துவர் சொன்ன பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

தேர்வுக்கு முந்திய வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். அந்த வாரத்தில் சேர்க்கும் உழைப்பு தேர்வு நாளுக்குள் பலமாக மாறாது. புதுக் காலணி வாங்க வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கி, மாற்றி மாற்றிப் போட்டுப் பழகியிருக்க வேண்டும். முதல் சுற்றில் கூட்டத்தோடு பாய்ந்துவிடாமல், 112 விநாடிச் சுற்றா 82 விநாடிச் சுற்றா என்று நீங்கள் பழகிய அந்த வேகத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.